அடித்தாலும் அழாத பிள்ளை: சிறுவயதுக் காயத்துக்கும் சைக்கோபதிக்கும் என்ன தொடர்பு?

திருப்பூரிலிருந்து ஒரு சித்தி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அக்காவும் மாமாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு வேலை. எட்டு மாதத்தில் பையனைத் தாராபுரம் பக்கம் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் விட்டார்கள். ஐந்து வயதில், பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பக் கூட்டி வந்தார்கள். மாமா குடித்துவிட்டு வரும் நாட்களில் அக்காவுக்கும் அடி, பையனுக்கும் அடி. இப்போது பையன் பர்ஸிலிருந்து காசு எடுக்கிறான், முகத்தைப் பார்த்தபடியே பொய் சொல்கிறான், தங்கச்சியை யாரும் பார்க்காதபோது கிள்ளுகிறான். போன மாதம் நாய்க்குட்டியின் காலில் கல்லைப் போட்டான். பெல்ட்டால் அடித்தாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வருவதில்லை. "இவன் சைக்கோவா ஆயிடுவானுங்களா? சின்ன வயசுல விட்டுட்டு வந்ததுதான் காரணமுங்களா? நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டாச் சரியாயிடுமுங்களா?"

மூன்று கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆவானா என்று ஒன்பது வயதில் யாராலும் சொல்ல முடியாது; புள்ளிக்கணக்குப்படி ஆகாமல் போகவே வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டு வந்தது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. ஹாஸ்டல் வேண்டாம்.

'சைக்கோ' என்பது சினிமா நமக்குக் கொடுத்த சொல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை அது ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. காதில் குரல் கேட்பது, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று நம்புவது எல்லாம் மனச்சிதைவு வகை நோய்கள். சைக்கோபதியில் புத்தி தெளிவாகவே இருக்கும். அடுத்தவர் வலி உள்ளே போய்த் தைக்காது, தப்புச் செய்த பிறகு மனசு உறுத்தாது, பயம் குறைவாக இருக்கும். வாய் மட்டும் இனிக்கும். 1941-இல் ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்த மாதிரி ஆட்களை விரிவாக எழுதிவைத்தார். பிறகு கனடாவின் ராபர்ட் ஹேர் 20 அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் சைக்கோபதி என்று வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர், நேரில் பேசி, பழைய கோப்புகளையும் படித்துப் போடவேண்டிய மதிப்பெண் அது. அதுவும் பெரியவர்களுக்கு. போனில் வரும் பத்துக் கேள்விகளுக்கு டிக் அடித்து ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரைக் கட்டிவிடாதீர்கள். ஒரு தடவை 'சைக்கோ' என்று பெயர் விழுந்துவிட்டால், அவன் நல்லது செய்தாலும் 'நடிக்கிறான்' என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

18 வயதுக்கு முன், சைக்கோபதிக்கு நெருக்கமான 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்ற நோய்ப்பெயரையே கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. குழந்தைகளுக்கு இருப்பது 'நடத்தைக் கோளாறு' என்ற பெயர். அதற்குள் 2013-இல் ஒரு கூடுதல் அடையாளத்தைச் சேர்த்தார்கள். நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: தப்புக்கு வருந்தாமை, அடுத்தவர் உணர்ச்சியில் அக்கறையின்மை, படிப்போ விளையாட்டோ, தன் செயல் எப்படிப் போனாலும் கவலையின்மை, உணர்ச்சி மேலோட்டமாக இருப்பது, அல்லது காரியம் ஆக வேண்டி மட்டும் வருவது. இவற்றில் குறைந்தது இரண்டு, 12 மாதங்களாக, வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளியிலும் இருக்க வேண்டும். 'வீட்டில் மட்டும்' என்றால் கதை வேறு. அப்போது முதலில் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு அம்சங்களையும் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் 'கல்நெஞ்சத் தன்மை' என்ற பொருளில் பேசுகிறார்கள். நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன், அது பையனுக்குப் பட்டமல்ல என்ற நிபந்தனையோடு.

லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறுவயதில் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, 1978-இல் சொன்ன முடிவு இன்னமும் நிற்கிறது. சமூக விரோதியான பெரியவர் அனேகமாக ஒவ்வொருவரும் சிறுவயதிலும் அப்படித்தான் இருந்தார். ஆனால் அப்படி இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படி ஆகவில்லை. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். சிறுவயதுக் காயம் சைக்கோபதியை உண்டாக்குமா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். வெளியே ஒரே மாதிரி தெரிகிற கல்நெஞ்சுக்கு உள்ளே இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன. இதைப் பென் கார்ப்மன் என்ற மருத்துவர் 1941-லேயே சொல்லிவிட்டார். ஒரு வகை பிறவியிலேயே உணர்ச்சி மங்கலாக வந்தது. இன்னொன்று, வாழ்க்கை அடித்து அடித்து மரத்துப்போனது. முதல் வகையில் பயமும் பதற்றமும் குறைவு. இரண்டாவது வகையில் பதற்றம் தலைக்கு மேல் இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். எவா கிமோனிஸ் போன்ற ஆய்வாளர்கள் சிறார் சிறைகளில் செய்த ஆய்வுகளில், பதற்றம் அதிகமுள்ள கல்நெஞ்சச் சிறுவர்களிடம்தான் அடி, கொடுமை, கைவிடப்பட்ட வரலாறு கூடுதலாக இருந்தது. யாரோ துன்பப்படும் படத்தைக் காட்டினால் முதல் வகையினரின் கவனம் அதில் போகவில்லை. இரண்டாவது வகையினரின் கவனம் போனது.

ஆகவே, 'அழவில்லை' என்பது தகவலே அல்ல. ஏன் அழவில்லை என்பதுதான் தகவல்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 12 முதல் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். புதிய அறை, கொஞ்சம் பொம்மைகள். அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். பார்க்க வேண்டியது போகும்போது அழுகிறதா என்பதைவிட, வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதை. பெரும்பாலான குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி பொம்மைக்குப் போய்விடும். சில குழந்தைகள் அழுவதும் இல்லை, அம்மா வந்தால் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. 'என்ன சமத்து' என்று நாம் மெச்சும் பிள்ளைகள் அவை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். அழுத குழந்தையின் இதயம் எப்படி ஓடியதோ, அதேபோல இதுவும் ஓடிக்கொண்டிருந்தது. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, அழுகையைத்தான் நிறுத்தியிருந்தது, பயத்தை அல்ல.

இதற்கு எதிர்முனையில் மொரீஷியஸ் தீவு ஆய்வு. ஏட்ரியன் ரெய்ன் குழுவினர் 1,795 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் சும்மா இருக்கும்போதே இதயத் துடிப்பு குறைவாக இருந்த குழந்தைகள், பதினோரு வயதில் அடிதடியில் கூடுதலாக இருந்தார்கள். இது உள்ளேயே பயம் குறைந்த வகை. (நாடி பிடித்துப் பார்த்து உங்கள் பையன் எந்த வகை என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் தெரியும் போக்கு அது, ஒருவனுக்கான பரிசோதனை அல்ல. ஓட்டப்பந்தயம் ஓடும் பிள்ளைகளுக்கும் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.)

இப்போது அம்முச்சி வீட்டுக்கு வருவோம். பிணைப்பு, அதாவது அட்டாச்மெண்ட் என்பது பாசத்தின் இன்னொரு பெயரல்ல. பயம் வந்தால் யாரிடம் ஓடுவது என்ற கணக்கு அது. ஆறு ஏழு மாதத்திலிருந்து குழந்தை அந்தக் கணக்கை ஓரிருவர் பேரில் எழுதத் தொடங்கும். பெற்றவள்தான் என்று சட்டமில்லை; தினமும் தூக்கி, தினமும் சோறூட்டி, அழுதால் வந்து நிற்பவர் யாரோ அவர். அம்முச்சி வளர்த்ததால் பிள்ளை கெட்டது என்று யாராவது சொன்னால் தட்டிவிடுங்கள். நம் பக்கம் எத்தனையோ பேர் அப்புச்சி மடியிலும் ஆத்தா முந்தானையிலும் வளர்ந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பிரச்சினை அங்கே இருந்ததில் அல்ல, அங்கிருந்து பிடுங்கியதில் இருக்கலாம். ஐந்து வயதில் திருப்பூருக்கு வந்தது உங்கள் அக்காவுக்குப் பிள்ளை வீடு திரும்பிய நாள். பையனுக்கோ, அது அம்மாவை இழந்த நாள். அவன் கணக்கில் அம்மா என்பவர் தாராபுரத்தில் இருந்தார். 'அழுது ஊரைக் கூட்டுவான்' என்று தூங்கும்போது தூக்கி வந்து வண்டியில் போட்டிருப்பார்கள். இது நம்மிடம் சர்வ சாதாரணம். கண் விழித்தால் வேறு வீடு, லைன் வீட்டு ஒற்றை அறை, அதிகம் பழகாத இருவர், அவர்கள் மடியில் ஒரு தங்கச்சி. ஜான் பௌல்பி, ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-களில், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட சிறு குழந்தைகளைப் பார்த்து மூன்று கட்டங்களை எழுதினார்கள். முதலில் எதிர்ப்பு: கத்தல், கதவைப் பார்த்தே கிடத்தல். பிறகு துவளல்: சோறு இறங்காது, மூலையில் உட்காரும். மூன்றாவது விலகல்: சிரிக்கும், சாப்பிடும், யார் தூக்கினாலும் போகும், யார் போனாலும் கவலைப்படாது. அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் வீடுகளில் 'பழகிக்கிட்டான்' என்று சொல்கிறார்கள்.

பௌல்பி இதற்கு முன்பே, 1944-இல், லண்டனில் திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். அவர்களில் 14 பேரை யார் மீதும் பாசமற்றவர்கள் என்று தனியாகப் பிரித்தார். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தார்கள். மீதி 30 பேரில் ஐந்து பேர்தான். இந்தக் கணக்கைக் காட்டி 'தாயைப் பிரிந்தால் சைக்கோபதி' என்று எழுதுகிறவர்கள் நிறைய. பௌல்பியே பிள்ளைகளைப் பார்த்து, அவரே வகை பிரித்து, அவரே வரலாறும் கேட்டார். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

இதைவிட உறுதியான சான்று புகாரெஸ்டிலிருந்து வந்தது. ருமேனியாவின் அநாதை இல்லங்களில் ஒரு ஆயாவுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள். 2000-த்தில் தொடங்கிய ஆய்வில், இல்லத்தில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதில் பார்த்தபோது, இல்லத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கல்நெஞ்சத் தன்மை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். ஆனால் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன ஆண் பிள்ளைகளிடம் அது குறைவு. ஏன் குறைந்தது என்று தோண்டினால், பிள்ளை கலங்கியபோது வளர்த்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பது காரணத்தில் ஒரு பங்காக வந்தது. உங்கள் கேள்விக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒட்டுதலே கிடைக்காதது கெடுதல் செய்கிறது என்பது ஒன்று. பிறகு கிடைத்தாலும் பலன் உண்டு என்பது மற்றொன்று. உங்கள் பையனுக்கு ஐந்து வயது வரை ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது அவன் கையில் இருக்கும் சொத்து.

அடி, கொடுமை விஷயத்தில் கேத்தி விடம் என்பவர் 1989-இல் வெளியிட்ட கணக்கைச் சொல்லலாம். நீதிமன்றத்தில் நிரூபணமான கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 குழந்தைகளையும், அதே மாதிரிக் குடும்பங்களில் கொடுமை இல்லாமல் வளர்ந்த 667 பேரையும் ஒப்பிட்டார். சிறார் பருவத்தில் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் சுமார் 26 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். கூடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் கொடுமைப்பட்ட நான்கு பேரில் மூவர் அந்தப் பருவத்தில் கைதாகவில்லை. சைக்கோபதியை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும், சிறுவயதுக் கொடுமை சேர்ந்து வருவது முக்கியமாக அதன் ஆத்திர, அவசர, சட்டமீறல் பகுதியோடு. ஈரமில்லாத மனம் என்ற உள்பகுதியோடு தொடர்பு மெலிதாகவே இருக்கிறது.

அந்த உள்பகுதியில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையர்களை வைத்து எஸ்ஸி வைடிங் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கல்நெஞ்சத் தன்மையோடு சேர்ந்த கெட்ட நடத்தையில் மரபணுவின் பங்கு சுமார் 81 சதவீதம். அது இல்லாத கெட்ட நடத்தையில் சுமார் 30 சதவீதம். இதைப் படித்துவிட்டு 'அப்பன் புத்தி, என்ன செய்ய' என்று கையை உதறக் கூடாது. 81 சதவீதம் என்பது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு பையனில் 81 பங்கு எழுதி முடிந்துவிட்டது என்று பொருளல்ல. 227 ஜோடி ஒரே கரு இரட்டையர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், மரபணு ஒன்றாக இருந்தும், அம்மா அப்பாவிடம் கூடுதல் கடுமையும் குறைந்த கனிவும் பெற்ற பிள்ளையிடம்தான் ஈரமின்மை கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் 561 தத்துக் குடும்பங்களில் பார்த்தது இன்னும் தெளிவு. பெற்ற தாய்க்கு சமூக விரோதப் போக்கு இருந்தால், அவர் வளர்க்காத பிள்ளையிடமும் ஈரமின்மை தலைகாட்டியது. ஆனால் தத்தெடுத்த தாய், நல்லது செய்தபோதெல்லாம் தட்டிக்கொடுக்கிறவராக இருந்தால், அந்தப் பரம்பரைத் தொடர்பு மங்கிப்போனது.

ஒரு சுழலும் இதில் உண்டு. முகம் பார்த்துச் சிரிக்காத, அடித்தாலும் அசராத பிள்ளையிடம் கொஞ்சுவதற்குப் பெரியவர்களுக்கே மனம் வராது. கொஞ்சல் குறையும், கடுமை ஏறும். பிள்ளை இன்னும் இறுகும். யார் தொடங்கியது என்று கேட்டுப் பலனில்லை. பெரியவர்தான் முதலில் நிறுத்த முடியும்.

உங்கள் பையன் எந்த வழி என்று வீட்டிலிருந்தே எப்படி ஊகிப்பது? ஊகம் மட்டும்தான், முடிவு டாக்டர் சொல்ல வேண்டும். தெருமுனையில் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம் கேட்கும்போது அவனைப் பாருங்கள். டிவி சத்தத்தைக் குறைக்கிறானா, செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறானா, வாசலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் போய் நிற்கிறானா, வண்டி ஸ்டாண்டு போடும் விதத்திலேயே இன்றைக்குக் குடித்திருக்கிறாரா இல்லையா என்று அவனுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு உணர்ச்சி இல்லாமல் இல்லை. அத்தனையும் காவல் வேலைக்குப் போயிருக்கிறது. இரவில் பல்லைக் கடிப்பது, படுக்கையில் சிறுநீர், கெட்ட கனவு, வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம், திடீரென்று தொட்டால் துள்ளுவது எல்லாம் அதே பக்கம் கைகாட்டும். மாறாக, நன்றாகத் தூங்குகிறான், எதற்கும் துள்ளுவதில்லை, கீழே விழுந்து அழும் பிள்ளையை வேடிக்கைப் பொருள்போலப் பார்க்கிறான், அப்பா வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறான் என்றால் முதல் வழிக்கு வாய்ப்பு. இரண்டும் கலந்தும் வரும்.

நாய்க்குட்டி விஷயத்தைத் தனியாகப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை வாலைப் பிடித்து இழுப்பது ஆராய்ச்சி. ஒன்பது வயதில் ஆளில்லாத நேரம் பார்த்து, திரும்பத் திரும்பச் செய்தால் அது தாமதிக்கக் கூடாத அடையாளம். தான் வாங்கிய அடியை தன்னைவிடச் சின்ன உயிரிடம் இறக்குகிறானா என்றும் கவனியுங்கள். அப்பா அடித்த மறுநாளோடு அது ஒத்துப்போகும். காரணம் எதுவானாலும் சில வேலைகளை இன்றைக்கே செய்ய வேண்டும். தங்கச்சியை அவனிடம் தனியாக விட வேண்டாம். வளர்ப்புப் பிராணி வேண்டாம். தோட்டத்து மருந்து, எலி பேஸ்ட், தீப்பெட்டி, அரிவாள்மணை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

சைக்கோபதி மாதிரித் தெரிந்து வேறாக இருப்பவையும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை திட்டினால் வெறித்துப் பார்ப்பான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) உள்ளவன் யோசிக்கும் முன் கை நீட்டிவிட்டு, பிறகு வருத்தப்படுவான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று புரியாது. ஆனால் நீங்கள் அழுவது அவனைக் கலக்கிவிடும். கல்நெஞ்சப் பிள்ளைக்கு நேர்மாறு: நன்றாகப் புரியும், கலக்காது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையும் திடீரென்று இப்படி மாறலாம். நடத்தை ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து மாறியிருந்தால், அந்த மாதத்தில் யார் புதிதாக வந்தார்கள் என்று யோசியுங்கள்.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். இந்த விஷயத்தில் அது இரண்டு பக்கமும் தோற்கும். தண்டனை வேலை செய்ய வேண்டுமென்றால், வரப்போகும் வலியை நினைத்து முன்கூட்டியே பயம் வர வேண்டும். முதல் வகைப் பிள்ளைக்கு அந்த இணைப்பே பலவீனம்; பத்து அடி வாங்கினாலும் பதினொன்றாவது திருட்டுக்கு முன் அடி ஞாபகம் வராது. இரண்டாவது வகைக்கு அடி என்பது தெரிந்த உலகம். உணர்ச்சியை அணைத்துவிட்டு வாங்கிக்கொள்வான், அந்த அணைக்கும் பழக்கம்தான் நாளுக்கு நாள் பலப்படும். ஆக, அடி எவனிடம் மிகக் குறைவாக வேலை செய்யுமோ அவனுக்குத்தான் மிக அதிகமாக விழுகிறது. ஆஸ்திரேலியாவில் ஹாஸ், டாட்ஸ் இருவரும் 4 முதல் 8 வயதுப் பையன்களின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள் (2005). கல்நெஞ்சத் தன்மையுள்ள பையன்களிடம் ஒதுக்கி உட்காரவைக்கும் தண்டனை சரியாகப் பலிக்கவில்லை. பாராட்டும் பரிசும் மற்றப் பிள்ளைகளைப் போலவே பலித்தன. குழந்தைகளிடம் மனசாட்சி எப்படி முளைக்கிறது என்று பல வருடம் பார்த்த கிராசினா கொச்சான்ஸ்காவும் இதையேதான் வேறு வழியாகக் கண்டார்: பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு மென்மையான கண்டிப்பு போதும், பயமற்ற பிள்ளைக்குக் கண்டிப்பு எடுபடாது, அம்மாவோடு இருக்கும் இனிய உறவுதான் மனசாட்சியை வளர்க்கிறது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு நாளைக்கு 10 முதல் 15 நிமிடம், அதே நேரம், ஒரே ஆள். ஒன்றரை ஷிப்டு முடித்து எட்டரை ஒன்பதுக்கு வரும் அக்காவுக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். காலையில் டிபன் பாக்ஸ் கட்டும் முன் முடிந்தாலும் சரி. பையன் என்ன விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறானோ அது: கோலிக்குண்டு, பல்லாங்குழி, அட்டைப்பெட்டி வண்டி. அந்தப் பதினைந்து நிமிடத்தில் கட்டளை, கேள்வி, அறிவுரை மூன்றும் கிடையாது. அவன் செய்வதை அப்படியே வாயால் சொல்வது மட்டும்தான் வேலை. "செவப்புக் குண்டை ஓரமா வெச்சுட்டியா... அட, ரெண்டும் ஒட்டிக்கிச்சு." முதல் வாரம் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். 'எதுக்கு இப்படிப் பேசறே' என்று பையனே கேட்பான். அன்று அவன் எவ்வளவு தப்புச் செய்திருந்தாலும் இந்த நேரத்தைத் தண்டனையாக ரத்து செய்யக் கூடாது. எல்லா வீட்டிலும் முதலில் உடைவது இந்த விதிதான்.

இரண்டாவது, கண். கல்நெஞ்சத் தன்மையுள்ள பிள்ளைகள் பேசுகிறவரின் கண்களைக் குறைவாகப் பார்க்கிறார்கள் என்று மார்க் டாட்ஸ் குழுவினர் அளந்து காட்டினார்கள். பயந்த முகத்தின் படத்தைக் காட்டி, 'கண்ணைப் பார்' என்று சொன்னவுடன் அந்தப் பயத்தை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். திறன் செத்துவிடவில்லை, பார்வை அங்கே போவதில்லை. ஆகவே பாராட்டும்போது குனிந்து அவன் உயரத்துக்கு வந்து, கண்ணைப் பார்த்து, தோளைத் தொட்டு, ஒரே வரி: "தங்கச்சிக்கு நீயே தண்ணி எடுத்துக் குடுத்தியே சாமி." திட்டும்போது 'என் கண்ணைப் பாருடா' என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள், கண் என்றால் ஆபத்து என்று அவன் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது, பரிசு. வீடுகளில் இது கெடுவது பெரும்பாலும் அளவிலும் தூரத்திலும்தான். 'முழுப் பரீட்சையில் பாஸானால் சைக்கிள்' என்பது இந்தப் பிள்ளைக்கு இல்லாததற்குச் சமம். இன்று, இந்த மணி நேரத்துக்குள், சின்னதாக. சுவரில் ஒரு காலண்டர் அட்டை. இரண்டே இரண்டு நடத்தை: 'தங்கச்சி மேல் கை வைக்காமல் சாயங்காலம் கழிந்தது', 'காசு கேட்டு வாங்கினான்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஐந்து புள்ளிக்குக் கடலை மிட்டாயோ அரை மணி நேரக் கார்ட்டூனோ. போட்ட புள்ளியைக் கோபத்தில் அழிக்கக் கூடாது. அதே மிட்டாயைச் சும்மா வாங்கித் தருகிற பெரியப்பா வீட்டில் இருந்தால் இந்த அட்டை மூன்றாம் நாளே செத்துவிடும். அவரிடம் முதலில் பேசுங்கள்.

தப்புக்கு விளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. குரல் உயராமல், சிறியதாக, அன்றே முடிகிறதாக இருக்கட்டும். காசு எடுத்தால் திருப்பித் தருவது, தர முடியாவிட்டால் அதற்கு ஈடான வேலை, மாலை வரை போன் இல்லை. 'உனக்கு இரக்கமே இல்லையா, நாய்க்கு வலிக்காதா' என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தால் அவன் கற்றுக்கொள்வது இரக்கத்தை அல்ல, அடுத்த தடவை என்ன வசனம் பேசினால் விடுவார்கள் என்பதை.

முதல் இரண்டு வாரம் நடத்தை மோசமாகலாம். இது தோல்வி அல்ல, பழைய வழி இனிப் பலிக்குமா என்று அவன் சோதிக்கிறான். பல வீடுகளில் மூன்றாம் வாரம் கைவிட்டுவிடுவார்கள். பெற்றோர் பயிற்சி என்பது பொதுவாக வாரம் ஒரு மணி நேரம், 12 முதல் 20 அமர்வு வரை. அதற்குள் 'திருந்திவிட்டானா' என்று அளக்க வேண்டாம். போன வாரம் நான்கு கிள்ளல், இந்த வாரம் மூன்று என்று அளந்தால் போதும்.

மாமா குடியை விடாமல், அக்கா மேல் விழும் அடி நிற்காமல், மேலே சொன்ன எதுவும் பாதிக்கு மேல் வேலை செய்யாது. இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. குடிநோய்க்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே சிகிச்சை இருக்கிறது. அக்காவுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண். பையனுக்கு அடி எல்லை மீறினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

ஹாஸ்டல் வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். எட்டு மாதத்தில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, இது மூன்றாவது பிடுங்கல். நூறு பிள்ளைக்கு ஒரு வார்டன் இருக்கும் இடத்தில் அவனுக்குக் கிடைப்பது கூடுதல் தண்டனையும், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளும். அங்கே அவன் அமைதியாகிவிட்டான் என்று தகவல் வந்தால் விலகல் என்ற அந்த மூன்றாவது கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, மணி, அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். 'எப்பப் பாத்தாலும் இப்படித்தானுங்க' என்பதைவிட அந்த நோட்டு நூறு மடங்கு உதவும். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் கேட்கலாம். போனில் முதலில் பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசில்லை. தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஈரமின்மைக்கு மாத்திரை கிடையாது. ஏ.டி.எச்.டி. இருந்தால் அதற்கு மருந்து உண்டு, அது அடங்கினால் பாதிச் சண்டை குறையும். கடுமையான அடிதடிக்குக் கொஞ்ச காலம் ரிஸ்பெரிடோன் போன்றதைக் கொடுப்பார்கள். எடை, சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

கடைசியாக அம்முச்சி. 'அங்க போனா ஏங்கிப் போவான்' என்று தொடர்பை அறுத்து வைத்திருந்தால் மறுபடி இணையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று வைத்து வாரா வாரம் போன். நோம்பிக்கும் பள்ளி லீவுக்கும் ஊருக்கு. எத்தனை நாள், என்றைக்குத் திரும்புவது என்று போகும் முன்பே காலண்டரில் வட்டம் போட்டு அவனிடம் காட்டிவிடுங்கள். திரும்பும் நாளில் பஸ் ஸ்டாண்டு வரை அம்முச்சி வரட்டும். அவன் அழுதால் அழட்டும், ஜன்னல் வழியாகக் கையாட்டட்டும். தூங்கும்போது மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.